சிவப்பு நாற்காலிக்கு ஓர் ஆள்

பெர்சியோ செத்த பிறகு வில்லா ஹுவானாவில் சிவப்புக் கட்சிக்காரர்களின் தலைமுடி வளர ஆரம்பித்தது.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மார்ச் மாதம் அவரை அடக்கம் செய்தோம். மே மாதத்துக்குள், தெருவில் எதிரே வருகிறவன் எந்த பேஸ்பால் அணிக்காரன் என்பதைச் சட்டையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்று ஆகிவிட்டது. காதை மூடி முடி தொங்கினால் எஸ்கோகிதோ, அதாவது சிவப்பு. கழுத்து சுத்தமாக இருந்தால் லிசேய், அதாவது நீலம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒனேசிமோ, சட்டைக் காலருக்கு மேல் ஒரு மயிர் இறங்க விடாத மனிதர். அவருடைய பிடரியிலேயே குருவி கூடு கட்டலாம் போல் இருந்தது.

எல்லாம் 'சமாதானம்' சலூனால் வந்தது. பெயர் வைத்தவர்களுக்கு நல்ல குசும்பு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் சண்டை ஓயாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்தக் கடைதான். உள்ளே இரண்டு நாற்காலிகள். வாசலை ஒட்டி இருந்த சிவப்பு நாற்காலி செத்துப்போன பெர்சியோ மாஸ்டருடையது. தோற்றவனுக்கு ஓட வழி பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அதை அங்கே போட்டதாக ரதாமேஸ் சொல்வார். உள்பக்கம் இருந்த நீல நாற்காலி ரதாமேஸுடையது. திருடனை உள்ளேதானே பூட்டி வைக்க வேண்டும் என்பார் பெர்சியோ. இருவரும் இளவட்டங்களாக வேறொருவர் சலூனில் தொழில் பழகி, வாய்ச்சண்டை தாங்காமல் முதலாளி இருவரையும் ஒரே நாளில் விரட்டியதில் கூட்டாளிகளானவர்கள்.

எங்கள் வில்லா ஹுவானா இருக்கும் சாண்டோ டொமிங்கோ நகரத்துக்கு மைதானம் ஒன்று, அணி இரண்டு. ஒரே அடுப்பங்கரையைப் பங்கு போட்டுக்கொண்ட ஓரகத்திகள் மாதிரி ஆளுக்கொரு நாள் அதைத் தங்கள் வீடு என்பார்கள். பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம் அப்புறம்தான், தொப்பி முதலில். அப்படிப்பட்ட ஊரில், எதிர்க்கட்சிக்காரன் கையிலிருக்கும் சவரக்கத்திக்குக் கழுத்தைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? நீலத்துக்கு நீல நாற்காலி, சிவப்புக்குச் சிவப்பு நாற்காலி. ஒரு தடவை வெளியூர்க்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து, "எனக்கு ரெண்டும் இல்லீங்க, பேஸ்பாலே பிடிக்காது" என்றார். இரண்டு மாஸ்டர்களும் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு வலது பாதித் தலையை ஒருவரும் இடது பாதியை மற்றவரும் வெட்டி அனுப்பினார்கள். பாவம், அந்த மனிதர் இரண்டு பக்கமும் வேறு வேறு ஆளாகத் தெரிந்தார்.

ஆனால் முடி வெட்டிக்கொள்ளவா அங்கே கூட்டம் வந்தது? சாவி கொடுக்க வந்தது. ஒருவனைச் சீண்டிச் சீண்டி முறுக்கேற்றுவதற்கு இந்த ஊரில் அப்படித்தான் பெயர், பொம்மைக்குச் சாவி கொடுப்பது போல. அதற்கும் முறை உண்டு. தோற்றவன் ஓடக்கூடாது, கோபித்துக்கொள்ளக்கூடாது, சிரித்துக்கொண்டே நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். அவன் ஜெயிக்கும்போது வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருவான். இழவு விழுந்த வீட்டில் மட்டும் யாரும் சாவி கொடுக்கமாட்டார்கள்.

அதனால்தான் பெர்சியோ போன பிறகு சமாதானம் சலூனில் உண்மையிலேயே சமாதானம் வந்து உட்கார்ந்துவிட்டது. சிவப்புக்காரர்களுக்கு ரதாமேஸிடம் தலை கொடுக்கவும் மனசில்லை, பெர்சியோவை மறந்து வேறு கடைக்குப் போகவும் மனசில்லை. நீலக்காரர்கள் வந்தார்கள், வெட்டிக்கொண்டார்கள், போனார்கள். "என்ன மாஸ்டர், மழை வருமா?" என்று கேட்டார்கள். கெல்வின் என்று ஒரு லாரி டிரைவர், அந்தத் தெருவிலேயே பெரிய வாயாடி, அவன்கூட மழையைப் பற்றித்தான் பேசினான். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ரதாமேஸுக்கு அதுதான் வாழ்க்கையே. ஊரில் பாதி வராமல் போன பிறகு கூத்தும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. மெல்ல மெல்ல நீலக்காரர்களும் வேறு சலூன்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒனேசிமோ வாத்தியார் மட்டும் தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போனார்.

"வாத்தியாரே, அந்த முடியையாவது கொஞ்சம் எடுத்து விடட்டுமா?" என்று ஒரு நாள் ரதாமேஸ் கேட்டார்.

"எதுக்கு? கழுத்தை அறுக்கவா?"

வாத்தியார் பழக்கத்தில் சொல்லிவிட்டார். ரதாமேஸ் வாயைத் திறந்தார். பதில் தயாராக இருந்தது. ஆனால் அந்தப் பதிலுக்குப் பதில் சொல்ல வாசல் பக்கம் ஆள் இல்லை. சீப்பை எடுத்துக் கழுவப் போனார்.

சிவப்பு நாற்காலிக்கு ஆள் தேடாமல் இல்லை. இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவனுக்குக் கை நன்றாக ஓடியது, வாய் ஓடவில்லை. கெல்வின் ஒரு வார்த்தை சொன்னால் முகம் சுருங்கி மூலையைப் பார்ப்பான். இன்னொருவன் சிவப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தான். லிசேய் ஜெயித்த பழைய ஆட்டம் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தபோது கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. வாத்தியார் அன்றே அவனை அனுப்பிவிட்டார். அக்டோபர் வந்தது. ஆட்டங்கள் தொடங்கின. கடையில் டிவி ஓடியது, பார்க்க ஆளில்லை. இனி இந்தப் பருவத்தோடு கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று ரதாமேஸ் மனைவி நூரிஸிடம் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மகள் யஹாயிரா சாப்பிட வந்தாள். ஒரே மகள். சலூனிலேயே வளர்ந்தவள், இப்போது நகரத்தின் பெரிய வணிக வளாகம் ஒன்றில் ஆண்களுக்கு முடி வெட்டுகிறாள். அங்கே ஏசி உண்டு, வாசனைத் தண்ணீர் உண்டு. பேசத்தான் கூடாது.

"ரெண்டாவது நாற்காலில நான் நிக்கிறேம்பா" என்றாள்.

ரதாமேஸுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. பிறகு யோசித்தார். "அது சிவப்பு நாற்காலிடி. நீ நீலம். வாத்தியாரும் மத்தவனும் வந்து உக்காரமாட்டாங்களே."

"உக்காருவாங்க."

"ஓ, நடிக்கலாம்னு பாக்குறியா?" அவருக்கு அந்த யோசனை பிடித்தும் இருந்தது, பயமாகவும் இருந்தது. "வேணாம்டி. அந்த ஆளு கணக்கு வாத்தியார். கண்ணைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவாரு. போன ஆளை ஒரே நாள்ல கண்டுபிடிச்சாரு."

"நடிக்க வேணாம்பா."

நூரிஸ் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தாள். "அப்பாடா, இன்னிக்காவது வாயைத் திறந்தியே" என்றாள்.

ரதாமேஸ் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகுதான் விஷயம் உள்ளே இறங்கியது. "எப்பத்துலேர்ந்து?"

"ஒன்பது வயசுலேர்ந்து."

அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். அவர் மனதில் வந்தது மகள் அல்ல, பெர்சியோ. யஹாயிராவுக்கு ஞானத்தகப்பன் பெர்சியோதான். பிள்ளையில்லாத மனிதர், மிகவும் ஆசைப்பட்டுக் கேட்டார். ஞானஸ்நானத் தொட்டி அருகிலேயே, சாமியார் வருவதற்குள், ரதாமேஸ் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "மச்சான், மெழுகுவத்தி நீ பிடி, பேரு நீ சொல்லு, கட்சி மட்டும் நான். என் பிள்ளைகிட்ட உன் கட்சியப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது." பெர்சியோ தொட்டித் தண்ணீரில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. தினமும் பக்கத்தில் நின்று, ஒரே கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டே மேய்ந்திருக்கிறது. செத்தவனோடு சண்டை போட முடியாது என்பதுதான் ரதாமேஸுக்குத் தாங்கவில்லை. அவன் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். மறுநாள் கடைக்குப் போனதும் சிவப்பு நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.  

அந்த வாரம் முழுக்க அவருக்கு ஒரே கேள்விதான். இத்தனை காலம் நண்பன் என்று நினைத்தவன் நண்பன்தானா? மார்ச்சில் அழுத அழுகை யாருக்காக அழுதது? கடைசியில் பொறுக்கமாட்டாமல் பின்தெருவில் பெர்சியோவின் மனைவி எர்சிலியாவின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

எர்சிலியா சின்னக் கோப்பையில் காபி கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமலே கேட்டார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அவன் என் பொண்ணைச் சிவப்பாக்குனானா?"

 அவள் சிரிக்க ஆரம்பித்தாள். புருஷன் செத்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பாக இருக்கும்.

"அவரா? அண்ணே, உங்க பொண்ணு மனசு மாறிட்டான்னு தெரிஞ்ச அன்னிக்கு அவரு சோறு திங்கல. 'ரதாமேஸ் என்னைத்தான் சொல்லுவான், எங்க நட்பு போச்சு எர்சிலியா'ன்னு தலைல கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு."

"பொய் சொல்லாத."

"ராஜாக்கள் திருநாளுக்கு வருஷா வருஷம் அவளுக்கு என்ன குடுத்தாரு?"

ரதாமேஸுக்கு நினைவிருந்தது. நீலத் தொப்பி. ஒவ்வொரு ஜனவரியும், பிள்ளைகளுக்குப் பரிசு தரும் அந்தத் திருநாளில், பெர்சியோ கையால் ஒரு நீலத் தொப்பி. அதைக் கடையில் எல்லோருக்கும் காட்டி, 'பாருங்கடா, சிவப்புக்காரனே ஒத்துக்கிட்டான்' என்று எத்தனை வருடம் சாவி கொடுத்திருக்கிறார்!

"அவளைத் திருப்பி உங்ககிட்ட அனுப்பத்தான் அண்ணே வாங்கிக் குடுத்தாரு. எப்பவும் என்னைத்தான் கடைக்கு அனுப்புவாரு. ஒரு வருஷம் எனக்குக் காய்ச்சல். அவரே போனாரு. வெயில்ல மழைக்கோட்டு, கருப்புக் கண்ணாடி. யாராச்சும் பாத்துருவாங்கன்னு பயம். திருட வந்தவன்னு நினைச்சு காவலாளி பின்னாலயே சுத்தினானாம். வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டு சோப்புப் போட்டுக் கழுவுனாரு."

ரதாமேஸ் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டார். இந்த ஒரு வாரமும் ஒரு நல்லவனை மனதுக்குள் எவ்வளவு கேவலமாகத் திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய நிம்மதி, மார்ச்சில் அழுதது வீண் போகவில்லை.

"அப்ப அவளை மாத்துனது யாரு?"

"அதை அவகிட்ட கேளுங்க" என்று எர்சிலியா ஆறிய காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை சலூனுக்கு விடுமுறை. ரதாமேஸ் மகளை வரச் சொன்னார். அவள் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகச் சுவரைப் பார்த்திருந்த நாற்காலியைத் திருப்பி, அதிலேயே உட்கார்ந்தாள்.

"அவன் இல்லைன்னு தெரிஞ்சிருச்சு" என்றார் ரதாமேஸ். "யாருன்னு சொல்லு."

"நீங்க எஸ்கோகிதோவுக்குச் சவப்பெட்டி செஞ்ச வருஷம் ஞாபகம் இருக்காப்பா?"

"அடடா! அதை மறக்க முடியுமா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஃபைனலில் லிசேய் ஜெயித்த மறுநாள். அட்டைப்பெட்டியில் சவப்பெட்டி செய்து, சிவப்புச் சாயம் பூசி, நாலு மெழுகுவத்தி ஏற்றி இதே நாற்காலியில் வைத்தார்கள். கெல்வின் ஒப்பாரி வைத்தான். "தெருவே வந்து நின்னுச்சேடி! உங்க அம்மாகூட சிரிச்சு சிரிச்சு…"

"எல்லாரும் சிரிச்சீங்க. ஞானப்பா மட்டும் சுவரோரமா நின்னு கத்தியத் தீட்டிக்கிட்டு இருந்தாரு. அவரும் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அவரு பக்கம் யாருமே இல்லப்பா. நீங்க அவ்வளவு பேரு, அவரு ஒருத்தரு. எனக்குப் பாவமா இருந்துச்சு. நான் போய் அவரு பக்கத்துல நின்னேன்."

 "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"வலிக்குதா ஞானப்பான்னு கேட்டேன். 'அடி போடி பைத்தியம், இதுக்குத்தான் நான் கடைக்கே வர்றேன், உங்கப்பன் சாவி குடுக்காத அன்னிக்கு நான் செத்தேன்னு அர்த்தம்'னாரு. போ, உங்கப்பா பக்கம் ஓடுன்னு தள்ளிவிட்டாரு. ஆனா அதுக்குள்ள ஒட்டிக்கிச்சுப்பா. அடுத்த வருஷம் எஸ்கோகிதோ தோத்தப்ப தலையணைய வாயில கடிச்சுக்கிட்டு அழுதேன்."

"அப்ப நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டு கட்சி மாறியிருக்கே."

"ஆமா."

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் திரும்பி வர வேண்டியதுதானே?"

"சரி. நீங்க இன்னிக்கு எங்க பக்கம் வாங்க, பாப்போம்."

"நானா? எங்கப்பன் தொட்டில்லயே எனக்கு நீலத்துணி விரிச்சவன்…" என்று ரதாமேஸ் சத்தம் போட ஆரம்பித்து, மகள் சிரிப்பதைப் பார்த்து நிறுத்தினார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதான். ஆனால் வேறு ஒன்று அவரைக் குத்தியது. "இத்தனை வருஷமா லிசேய் ஜெயிச்சப்ப எல்லாம் என் பக்கத்துல உக்காந்து கை தட்டினியேடி. அது எல்லாம் பொய்யா?"

"லிசேய்க்குத் தட்டலப்பா. நீங்க சந்தோஷமா இருந்தீங்கள்ல, அதுக்குத் தட்டினேன்."

ரதாமேஸ் ஒரு துணியை எடுத்து ஏற்கெனவே பளபளத்த கண்ணாடியைத் துடைத்தார். அவளை அந்தப் பக்கம் தள்ளியது பெர்சியோ இல்லை, தான் மிகவும் ரசித்துச் செய்த அந்தச் சவப்பெட்டிதான் என்பது அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை யஹாயிரா சிவப்பு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். செய்தி தெருவெங்கும் போயிருந்தது. ஒனேசிமோ வாத்தியார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவள் எதிரே வந்து நின்றார். எந்த வருடத்தின் எந்த ஆட்டத்தைக் கேட்பாரோ என்று ரதாமேஸுக்குத்தான் வியர்த்தது.

"ஒரே கேள்வி" என்றார் வாத்தியார். "நம்ம ஆளுங்க தோத்தா என்ன சொல்லுவே?"

"நடுவர் கண்ணு குருடுன்னு சொல்லுவேன்."

"ஜெயிச்சா?"

"நடுவர் தங்கமான மனுஷன்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "வெட்டும்மா."

அன்றைக்கும் மறுநாளும் அந்தக் கடையில் விழுந்த முடியில் ஒரு மெத்தை தைத்திருக்கலாம். சிவப்புக்காரர்கள் காடுமாதிரி வந்து மனிதர்களாகத் திரும்பிப் போனார்கள். அவர்கள் வந்ததும் நீலக்காரர்களும் வந்தார்கள். கெல்வின் மழையை மறந்தான். யஹாயிராவுக்கு வாய் பெர்சியோவைவிட நீளம். "அண்ணே, உங்க லாரி மலை ஏறுற வேகத்துக்கும் உங்க ஆளு ஓடுற வேகத்துக்கும் என்ன வித்தியாசம்? லாரி கடைசில போய்ச் சேர்ந்துரும்" என்று அவள் சொன்ன நாளில் கெல்வின் காசு கொடுக்க மறந்து போய், பாதி வழியில் திரும்பி வந்தான்.

ரதாமேஸ் மட்டும் அவளுக்குச் சாவி கொடுக்கவில்லை. வாத்தியாருக்குக் கொடுப்பார், மற்றவர்களுக்குக் கொடுப்பார். மகளிடம் வரும்போது நாக்கு மடங்கிவிடும். அவளும் அவரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பிடித்துக்கொண்டாள். கடை நிறைந்துவிட்டது. ஆனால் இரண்டு நாற்காலிக்கும் நடுவே யாரும் பேசாத ஓர் இடம் இருந்தது. அதைக் கவனித்தவர் வாத்தியார் ஒருவர்தான். 

ஜனவரியில் இரண்டு அணிகளும் ஃபைனலுக்கு வந்தன. எப்படி நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்கு இன்னும் ஆறவில்லை. எஸ்கோகிதோ ஜெயித்தது.

மறுநாள் காலை ரதாமேஸ் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "காய்ச்சல் மாதிரி இருக்கு நூரிஸ்."

"எந்திரிங்க. இன்னிக்குப் போகலைன்னா சாகுற வரைக்கும் சொல்லிக்காட்டுவாங்க. செத்தப்புறம் கல்லறைல எழுதி வைப்பாங்க."

போனார். தெருமுனையிலேயே மேளச் சத்தம் கேட்டது. கடைக்குள் சிவப்பு தவிர வேறு நிறம் இல்லை. கெல்வினின் லாரி விடிவதற்கு முன்பே ஊரை விட்டுப் போயிருந்தது. மற்ற நீலக்காரர்கள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. நீல நாற்காலியில், நீலச் சாயம் பூசிய அட்டைச் சவப்பெட்டி. சுற்றி மெழுகுவத்திகள். வாத்தியார் தன் மனைவியின் கருப்பு முக்காட்டைப் போட்டுக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க வாங்க, நெருங்கின சொந்தக்காரரு வந்துட்டாரு, வழி விடுங்கப்பா!"

"மாஸ்டர், உங்க லிசேய்ப் புலி எப்படிச் செத்துச்சு? பசியா, வெக்கமா?"

"அழுதுருங்க மாஸ்டர், அடக்கி வச்சா நெஞ்சடைக்கும்!"

ரதாமேஸ் முறைப்படி சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்கு நாற்காலியும் இல்லை, வேலையும் இல்லை. சுவரோரமாகப் போய் நின்றார். எதிரே இருந்த கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. சிரிக்கிற அந்த வாயை அவர் முன்பு பார்த்திருக்கிறார், வேறொருவர் முகத்தில். அப்போது அதைச் சிரிப்பு என்றே நம்பினார்.

வலித்தது.  பெர்சியோ ஒரு குழந்தையிடம் பொய் சொல்லியிருக்கிறான். அவள் பார்த்தது தப்பே இல்லை. இவ்வளவு பேர் ஒரு பக்கம் நிற்க, ஒருத்தன் தனியாக நிற்பது வலிக்கத்தான் செய்யும். அதை எத்தனை ஜனவரி அவன் இங்கே நின்று தாங்கியிருக்கிறான், மறுநாள் அதே நேரத்துக்கு வந்து கடை திறந்திருக்கிறான்! 'மச்சான், ஒரு தடவையாவது வலிக்குதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா' என்று ரதாமேஸ் மனதுக்குள் கேட்டார்.

யஹாயிரா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கூட்டம் அவளுக்காகத்தான் காத்திருந்தது. இந்த நாளுக்காக எவ்வளவு சேர்த்து வைத்திருப்பாள் என்று ஆவலோடு பார்த்தது. அவள் நிமிர்ந்து சுவரோரம் பார்த்தாள். கத்தரி நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு அவள் அவரை நோக்கி வந்தாள். ரதாமேஸுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒன்பது வயதுப் பெண் மறுபடியும் தனியாக நிற்கிறவன் பக்கத்தில் வந்து நிற்கப் போகிறாள். நின்றால் அந்த நாற்காலி மறுபடியும் காலி.

அவள் காதருகே வந்து கேட்டாள். "வலிக்குதாப்பா?"

இல்லை என்று சொல்வது சுலபம். பெர்சியோ அதைச் சொல்லித்தான் அவளை அனுப்பினான். ரதாமேஸால் முடியவில்லை.

"வலிக்குது. ரொம்ப வலிக்குது" என்றார். "ஆனா இவனுங்க சொல்றதைவிட நீ சும்மா நிக்கிறதுதான்டி அதிகமா வலிக்குது. நான் என்ன செத்தா போயிட்டேன்? உனக்கு வாய் இல்லையா? ஆரம்பி."

அவள் அவர் முகத்தை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன வாத்தியாரே இது, பொணத்துக்கு முகம் வழிக்காமலா அடக்கம் பண்ணுவீங்க? நீலக்காரன் கழுத்துல நான் கத்தி வைக்கமாட்டேன், அது எங்க கடை சட்டம். அதோ சுவரோரமா சும்மாதான் நிக்கிறாரு அந்த மாஸ்டர், அவரோட வாடிக்கைக்காரரு. அப்பா, வாங்க, வந்து வேலையப் பாருங்க!"

கடை இடிந்து விழுவது போல் சிரித்தது. வாத்தியார் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். ரதாமேஸ் மெதுவாக நடந்து வந்து, அட்டைப்பெட்டிக்கு முறையாகத் துணி போர்த்தினார். கிண்ணத்தில் சோப்பைக் குழைத்து நுரை எழுப்பி, பிரஷ்ஷால் அதன் விளிம்பில் பூச ஆரம்பித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

"தண்ணி சூடா இருக்கான்னு பாத்தீங்களாப்பா?" என்று பின்னாலிருந்து மகள் சத்தம் போட்டாள். "உயிரோட இருக்கும்போதே உங்க ஆளுங்களுக்குச் சூடு கிடையாது!"